கோழித் தண்ணீரும் வினிகர் பாட்டிலும்

என் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் டாக்டர் கொடுத்த மாத்திரைகளை ஒழுங்காகத்தான் விழுங்கிவந்தார். நாமக்கல் பக்கம் எங்களுக்கு முட்டைக் கோழிப் பண்ணை. கோழிகளின் குடல் சுத்தத்துக்காகக் குடிதண்ணீரில் அமில மருந்து கலந்துவிடுவது வழக்கம். அதைச் செய்து செய்து இவர் புத்தியும் அந்தப் பக்கமே போயிற்று. ஒருநாள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையிலிருந்து ஆப்பிள் சிடர் வினிகர் பாட்டிலோடு வந்து நின்றார்.

“இதும் அமிலந்தான். கோழிக்குக் கேக்குது, எனக்குக் கேக்காதா? மாத்தரை கிட்னியத் தின்னுபோடும் புள்ள.”

“ஏனுங்க, நீங்க என்ன கோழிங்களா?” என்றேன். சிரித்தார்.

பாட்டிலைத் திருப்பிப் படித்தேன். புளிக்கவைத்த ஆப்பிள் சாறு, தண்ணீர். அவ்வளவுதான். ஊறுகாய்க்கும் சாலடுக்கும் ஊற்றுகிற சமாசாரம். சர்க்கரை தீரும் என்று அதில் ஓர் எழுத்துகூட இல்லை. நிறையத் தண்ணீர் சேர்த்துக் குடிக்கச் சொல்லியிருந்தது. கோழிக்கு அளந்து கலக்கிற மனுஷன் தனக்கு அளக்கவே இல்லை. பல் கூசி மோர்கூடக் குடிக்க முடியவில்லை, நெஞ்செரிச்சல் வேறு. “வேலை செய்யுது, அதான் எரியுது” என்று அதற்கும் ஒரு விளக்கம். மாத்திரைகள் அலமாரியில் கிடந்தன. சண்டை போட்டேன், அழுதேன், பேசாமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் பண்ணையில் கூண்டுக் கம்பி அவர் காலைக் கிழித்தது. சர்க்கரையால் மரத்துப்போன கால், அவருக்கு வலியே தெரியவில்லை. புண் ஆறவும் இல்லை. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்திருந்தது.

“வினிகர் குடிச்சதுகூடப் போகட்டும்ங்க. மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?” என்று டாக்டர் கேட்டார். எனக்கு ஆத்திரம்கூட வரவில்லை. எல்லாம் கைமீறிப்போயிற்று என்று மட்டும் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் வந்து, “காலை வாங்கிட்டுப் போய்ப் புதைக்கறீங்களா, நாங்களே பாத்துக்கட்டுங்களா?” என்று கேட்டார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலையாட்டினேன்.

மயக்கம் தெளிந்ததும் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“செத்த கோழி போடற குழியில மட்டும் என் காலப் போட்டுராத புள்ள. நாய் தோண்டிப்போடும்.”