ஓரகத்தியின் நாற்காலி

விமான நிலையத்து ரேடார் அறையில் பெரியவளுக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ். சின்னவளுக்கு ஐந்துதான். அண்ணனுக்கு ஒருத்தி, தம்பிக்கு ஒருத்தி என்று இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். இந்த வேலைக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்து சின்னவளிடம் நீட்டியதே பெரியவள்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் கையைத் தானே கடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

கிளம்பும் விமானங்கள் பெரியவளின் பொறுப்பு. இறங்க வருபவை சின்னவளுடையவை. அதற்குத் தனித் தேர்வு உண்டு. பெரியவள் இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டாள். சின்னவள் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். அந்த நாற்காலி பெரியவளுக்கு வலப்பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில்.

ரன்வே காலியாக இல்லாதபோது, வருகிற விமானங்களை ஊருக்கு வெளியே ஏரிக்கு மேல் வட்டமிட வைப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளியில். அடியில் இருப்பது ஏழாயிரம் அடியில் சுற்றும். அது இறங்கப் போனதும் மேலே உள்ளவை ஒவ்வொரு படியாகக் கீழே வரும். பெரியவளின் விமானங்களோ கிளம்பியதும் ஆறாயிரத்தைத் தாண்டாமல் இவற்றுக்கு அடியில் பதுங்கிப் போக வேண்டும்.

"வானத்துலயும் அவளுக்குக் கீழதான் நான்" என்று கணவனிடம் புலம்புவாள்.

"நீ பிளேனைப் பார்க்குறியா, அவளைப் பார்க்குறியா?" என்பான் அவன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார், "எங்க சின்னவதான் பிளேனையெல்லாம் இறக்குறா" என்று ஆரம்பிப்பாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "பெரியவளும் அங்கதான் இருக்கா" என்பாள். அந்த 'உம்' பெரியவளுக்கு நெஞ்சில் தைக்கும்.

ஒரு நாள் மத்தியானம் ரன்வேயின் மேல் மழை வந்து உட்கார்ந்துகொண்டது. ஏரிக்கு மேல் ஆறு விமானங்கள் சுற்றின. தரையில் பெரியவளின் நான்கு விமானங்கள் இன்ஜினை ஓடவிட்டு வரிசையில் நின்றன. மழை லேசாக விட்டதும் அவள் திரும்பினாள்.

"ஒரு ரெண்டு நிமிஷம் இடைவெளி விடுடி, முதல் பிளேனை ஏத்திடுறேன்."

"இப்ப முடியாதுக்கா. கொஞ்சம் பொறுங்க."

பொறுக்கச் சொல்கிறாள்! பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

சின்னவள் அடியில் இருந்ததை இறங்க அனுப்பினாள். எட்டாயிரத்தில் சுற்றியதை ஏழாயிரத்துக்கு வரச் சொன்னாள். அதே நேரத்தில் இன்னொரு பைலட் குறுக்கே பேச, எல்லாம் இரைச்சலாகிப் போனது. எட்டாயிரத்து பைலட் சரி என்று பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஒன்பதாயிரத்தில் இருந்ததை எட்டாயிரத்துக்கு இறங்கச் சொல்லிவிட்டாள்.

திரையில் பெரியவள் பார்த்துவிட்டாள். எட்டாயிரத்தில் இருந்தது அசையவே இல்லை. மேலே இருந்தது இறங்கத் தொடங்கியது. எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

'மாட்டட்டும். எல்லாரும் பார்க்கட்டும்.'

நாக்கு நுனிக்கு வந்த வார்த்தையை ஒரு மூச்சு நேரம் அடக்கி வைத்திருந்தாள். எட்டாயிரத்து எழுநூறு. அப்போதுதான் இரண்டு விமானத்திலும் ஆட்கள் இருப்பது அவளுக்கு உறைத்தது.

"மேல இருக்கிறதை நிறுத்து! எட்டாயிரம் இன்னும் காலியாகல!"

சின்னவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அதே நிதானக் குரலில் அந்த விமானத்தை மறுபடி ஒன்பதாயிரத்துக்கு ஏற்றினாள். அபாய மணி அடித்தபோது அது ஏறத் தொடங்கியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சின்னவள் தானாகவே போய் எழுதிக் கொடுத்தாள். சாட்சிக் கையெழுத்துக்காக சூப்பர்வைசர் அதைப் பெரியவளிடம் நீட்டினார். 'பதிலை உறுதி செய்யாதது என் தவறு. பக்கத்தில் இருந்தவர் உடனடியாக எச்சரித்ததால் ஆபத்து விலகியது.' உடனடியாக. பெரியவள் கையெழுத்துப் போட்டாள். தப்புச் செய்தும் இவளால் எப்படித் தலை நிமிர்ந்து நிற்க முடிகிறது என்று அதிலும் பொறாமைப்பட்டாள்.

சின்னவளை இரண்டு மாத மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். அதற்குள் பெரியவள் மூன்றாம் முறை தேர்வு எழுதித் தேறி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் நாளே ஒரு பைலட், "வழக்கமா இருக்கிற மேடம் இல்லையா?" என்று கேட்டார். ஆசைப்பட்டுக் கிடைத்த நாற்காலி முள்ளாகக் குத்தியது.

சின்னவள் திரும்பி வந்த அன்று கேன்டீனில் பெரியவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் உடனே சொல்லலடி. பார்த்துட்டு ஒரு மூச்சு சும்மா இருந்தேன்."

"ஏன்?"

"நீ மாட்டணும்னு."

சின்னவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நாம ஒரே ஷிஃப்ட்ல வேணாம்க்கா. சூப்பர்வைசர்கிட்ட நான் கேட்டுக்கிறேன். காரணம் சொல்ல மாட்டேன்."

"சொன்னாலும் சொல்லிக்கோ."

"சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல?" என்று எழுந்து போனாள்.

சொல்லவும் இல்லை. சூப்பர்வைசரிடம் பெரியவளே போய்ச் சொன்னாள். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டாள்.

இப்போது இருவரும் ஷிஃப்ட் மாறும் ஐந்து நிமிடம்தான் பக்கத்தில் நிற்கிறார்கள். எந்த விமானம் எத்தனை அடியில் என்று சின்னவள் சொல்லச் சொல்ல, பெரியவள் திருப்பிச் சொல்கிறாள். அத்தனையும் அப்பழுக்கில்லாமல் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. எரிச்சலோடு எரிச்சலாக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அடியில் இருப்பதை முதலில் இறக்குகிறாள்.