எழுந்தேற்றத்தில் கெட்டிமேளம்

கடலூரில் அத்தையின் கல்யாணம் நடந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அறுபதுகளின் தொடக்கம், பூசை அப்போது லத்தீனில். மாதாகோயிலை நாங்கள் கோயில் என்றும், அங்கே நடக்கும் வழிபாட்டைப் பூசை என்றும்தான் சொல்வோம். இதை முதலிலேயே குறித்துவிடுவது நல்லது.

நாகசுரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அத்தைதான். "மேளமில்லாம தாலி கட்டிக்கிட்டா, ஓடிப்போய்க் கட்டிக்கிட்டேன்னு பேசுவாங்கண்ணே" என்றாள். அப்பா பங்குச் சாமியாரிடம் மூன்று தடவை போனார். மூன்றாம் தடவை அனுமதி கிடைத்தது: தாலி கட்டும்போது மட்டும். பூசையில் சத்தம் கேட்டால், இனி யார் கல்யாணத்துக்கும் கோயிலுக்குள் மேளம் கிடையாது.

சிதம்பரத்திலிருந்து வந்த தவில்காரரிடம் அப்பா விளக்கினார். "தாலிக்குக் கெட்டிமேளம். அதுக்கப்புறம் பூசைங்க."

"பூசைதானே? நாங்க பாத்துக்கறோம்."

பூசை என்றால் மூச்சுவிடக் கூடாது என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆகவே அப்பா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தாலி நல்லபடியாக ஏறியது. பூசையும் தொடங்கி, அதன் உச்சமான எழுந்தேற்றம் வரை அமைதியாகவே போயிற்று. மணி அடித்தது, எல்லோரும் முழந்தாளிட்டோம், சாமியார் அப்பத்தை உயர்த்தினார். கெட்டிமேளம் முழங்கியது.

அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. சாமியாரின் கைகள் வழக்கத்தைவிடச் சற்று நேரம் கழித்தே இறங்கின.

பூசை முடிந்ததும் அவர் நேரே தவில்காரரிடம் வந்தார். அப்பா பின்னாலேயே ஓடினார்.

"யாருய்யா உம்மை வாசிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. பூசைன்னாங்க. மணி அடிச்சுது, சனம் மண்டி போட்டுது, நீங்க சாமியத் தூக்கிக் காட்டுனீங்க. அந்த நேரத்துல கைய கட்டிக்கிட்டு உக்காரலாமுங்களா?"

"கிறிஸ்துமஸ் பூசைக்கு வருவீரா?" என்று கேட்டார் சாமியார்.

அப்பா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ சாப்பிடப் போலாமாண்ணே?" என்றாள் அத்தை, மாலையும் கழுத்துமாக.

எனக்குத்தான் விளங்கவில்லை. எழுந்தேற்றத்தில் சாமியார் உயர்த்திக் காட்டுவது என்ன என்ற கேள்விக்கு, ஞானோபதேச வகுப்பில் "அப்பம்" என்று சொல்லி நான் இரண்டு தடவை முட்டி போட்டிருக்கிறேன். ஒரு வகுப்புக்கும் வராத அந்த மனிதருக்கு, "சாமி" என்ற சரியான பதிலை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?