ஜாக்கிகள் நின்ற இருபத்தெட்டு நாள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பொள்ளாச்சியில் தேங்காய்க் களத்தில் வேலை செய்பவர்கள். பேங்க்கில் இன்றும் கைநாட்டுதான். அதனால் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். ஆனால் கிணத்துக்கடவுப் பக்கம் நாங்கள் கட்டிய தென்னைநார் தொழிற்சாலையின் கான்கிரீட் கலவைத் தாளில் நான் போட்ட கையெழுத்தை நினைத்தால், கூடவே பாயின் முகமும் வந்துவிடுகிறது. சென்ட்ரிங் வேலையை எடுத்திருந்தவர் அவர். கான்கிரீட்டைத் தாங்கும் தகடுகளும், தகடுகளைத் தாங்கும் இரும்பு ஜாக்கிகளும் அவருடையவை.

நான் கோயமுத்தூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இஞ்சினியர். கட்டடம் கட்டும்போது காற்றில் சேரும் கார்பனைக் கணக்கெடுப்பதும் குறைப்பதும் என் வேலை. தொழிற்சாலை முதலாளியிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், புதுக் கட்டடத்தின் கார்பன் இந்த அளவுக்குமேல் போகக் கூடாது என்று ஓர் இலக்கு கொடுத்திருந்தார்கள். கட்டடத்தில் பெரும் பங்கு சிமென்ட்டுடையது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருளின் புகையோடு கல்லுக்குள் இருக்கும் கார்பனும் வெளியேறுகிறது. அதனால் சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து, அனல்மின் நிலையத்தில் மிஞ்சும் சாம்பலைச் சேர்த்தேன். அந்தக் கலவைக்கு ஒரே குணக்கேடு, மெதுவாகத்தான் கெட்டிப்படும்; முழுப் பலம் வர இருபத்தெட்டு நாள் ஆகும்.

கலவையை மாற்றிய அன்றே சைட்டில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "சாம்பல் அம்மணி வாராங்க" என்பார் மேனேஜர், எனக்குக் கேட்கும்படியாகவே.

மோல்டிங், அதாவது மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் வேலை, நல்லபடியாக முடிந்தது. ஏழாம் நாள், அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டிகளை லேபில் அழுத்திப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே பலம் குறைவாக இருந்தது. மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாதிகூட வர்லீங்களே அம்மணி. இருபத்தெட்டாம் நாளும் இப்படியே இருந்தா ஒடச்சுத்தான் போடோணும். கையெழுத்து உங்களுதுங்க."

உடைத்து மறுபடி போட்டால் நான் மிச்சம் பிடித்ததைவிட அதிக கார்பன் காற்றில் சேர்ந்துவிடும். இலக்கும் போகும், என் வேலையும் போகும். பலம் ஏறும் என்று கணக்கு சொன்னது. ஆனாலும் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் சைட்டுக்குள் பாயின் லாரி வந்து நின்றது.

"என்னங்க பாய், லாரியோட?"

"ஜாக்கிய உருவோணும்ங்க. நாளான்னைக்குப் போத்தனூர்ல ஒரு ஊட்டுக்கு மோல்டிங்கு."

"இது சாம்பல் கலவைங்க பாய், எப்பவும் போல உருவ முடியாது, இருபத்தெட்டு நாள் நிக்கோணும்ங்க."

அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "இத எங்கிட்ட யாருங்க சொன்னாங்க?"

மெயிலில் போட்டிருந்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மெயில் முதலாளிக்கும் மேனேஜருக்கும் கலவை அனுப்பிய பிளாண்ட்டுக்கும் போயிருந்தது. கான்கிரீட்டைத் தாங்கி நிற்பவருக்குப் போகவில்லை.

"யாரும் சொல்லலீங்க. என் தப்புதாங்க."

"இப்ப உருவினா என்னாகும்?"

"தொங்கிரும்ங்க. வெடிப்பு விழும். ஒடைக்கோணும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "கார்பனு கார்பனுங்கறீங்க. காத்துல போறதெல்லாம் உங்க கணக்குல வருது. கீழ முட்டுக்குடுத்து நிக்கற என்ற ஜாக்கி வர்லீங்களே."

அவர் போனை எடுத்துப் போத்தனூர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, ஜாக்கி இப்ப வராதுங்க. குடோன்ல பழைய சவுக்குக் கம்பு கெடக்குது. அதுல முட்டுக்குடுத்துத் தந்தர்றேன், மூணு நாள் தள்ளிப்போகும். திட்டறதுன்னா திட்டிக்கோங்க, கேட்டுக்கறேன்." அந்த மனிதர் திட்டியது எனக்கே கேட்டது. பாய் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முடியும்வரை நின்றார். லாரி காலியாகத் திரும்பிப் போனது. ஜாக்கிகள் கூடுதலாக நிற்கும் நாட்களுக்கு வாடகை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. நான்தான் பிறகு ஆபீசில் எழுதிக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

மீதிப் பத்தொன்பது நாளும் காலையில், கான்கிரீட் காயாமலிருக்க மேலே கட்டிய தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, கீழே ஜாக்கிகளுக்கு நடுவில் ஒரு சுற்று நடப்பேன். ஒன்றுகூட அசைந்திருக்காது.

இருபத்தெட்டாம் நாள் நான் லேபுக்குப் போனபோது பாய் வாசலில் நின்றிருந்தார்.

"என்ற ஜாக்கி எதுக்கு நின்னுதுன்னு நானும் பார்க்கோணுமல்லங்க."

இயந்திரத்துக்குள் முதல் கட்டியை வைத்தார்கள். அழுத்த அழுத்த எண் ஏறியது. தேவையான இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறிய பிறகுதான் கட்டி வெடித்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியேதான்.

"வந்திருச்சுங்களா?"

"வந்திருச்சுங்க பாய்."

"அப்ப நாளைக்குக் காலைல லாரி வரும். இன்னொருக்காத் தடுத்தீங்கன்னா அழுதுபோடுவேன்."

மறுநாள் கடைசி ஜாக்கியை இறக்கியதும் அவரே தளத்துக்கு அடியில் ஒரு நூலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துப் பிடித்தார். எங்கும் தொங்கல் இல்லை. மேனேஜர் வந்து நூலுக்கடியில் குனிந்து பார்த்தார். "அடுத்த மோல்டிங்குக்கும் சாம்பலே இருக்கட்டும்ங்க" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

வெளிநாட்டுக்குப் போன அறிக்கையில் எங்கள் கட்டடம் இலக்குக்குள் வந்துவிட்டது. சிமென்ட், கம்பி, லாரி ஓடிய தூரம் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. ஜாக்கிகள் கூடுதலாக நின்ற நாட்களுக்கு இல்லை. குறிப்பு எழுதும் இடத்தில் நானாக அதைப் பற்றி ஒரு வரி சேர்த்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். இதுவரை போட்டதில் எனக்கு மிகவும் பிடித்த கையெழுத்து அதுதான்.

இப்போதெல்லாம் கலவை முடிவானதும் என் முதல் போன் பாய்க்குத்தான். வணக்கம் சொல்வதற்குள் அவர் கேட்டுவிடுகிறார்: "இந்த வாட்டி எத்தன நாளுங்க அம்மணி? சவுக்குக் கம்ப வெளிய எடுத்து வெக்கட்டுங்களா?"