கணேசனின் ஆமணக்கும் வசந்தாவின் கச்சானும்

போன கிழமை மாங்குளத்தில் ஒரு வீட்டுச் சண்டைக்குள் மாட்டிக்கொண்டேன். சண்டை பிடித்தவர்கள் என் பழைய சிநேகிதன் கணேசனும் அவன் மனைவி வசந்தாவும். காரணம்… ஆமணக்கு!

ஊர் மண்டபத்தில் ஒரு கம்பனிக்காரர் கூட்டம் வைத்திருக்கிறார். ஆமணக்குப் பயிரிடுங்கள், கொட்டையை நாங்களே வாங்குகிறோம், அதிலிருந்து வாகனத்துக்கு எரிபொருள் செய்யப்போகிறோம் என்று சொல்லியிருக்கிறார். கணேசன் வீடு திரும்பும்போதே முடிவோடு வந்துவிட்டான். கச்சான் போடுகிற மேட்டுக்காணி முழுவதும் இனி ஆமணக்கு. (கடல் கடந்து வாசிப்பவர்களுக்கு: கச்சான் என்றால் நிலக்கடலை.)

"அண்ணை, நீங்களே சொல்லுங்கோ," என்றாள் வசந்தா. "தின்னுற சாமானை விட்டிட்டு ஆராவது காருக்குப் பயிர் செய்வினமோ?"

"பின்னை? வருசா வருசம் பன்றிக்கும் குரங்குக்கும்தானே கச்சான் போடுறம்," என்றான் கணேசன். "ஆமணக்கை ஒரு மிருகமும் தொடாது, தெரியுமோ?"

நியாயம்தான். போன போகத்தில் பன்றி கிளறிய காணியை நானும் பார்த்தேன். ஆனால் புருசன் பெண்சாதி வழக்கில் தீர்ப்புச் சொன்னவன் எவனாவது சுகமாக வீடு திரும்பியிருக்கிறானா?

தேநீரைக் குடித்தபடி இருந்தேன். மனம் மட்டும் இவர்களுடைய கலியாண நாளுக்குப் போய்விட்டது.

அது யுத்தமும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். வன்னிக்குள் டீசலைப் போத்தலில்தான் கண்டோம். அதற்காக உழவு இயந்திரங்கள் ஓடாமல் இருந்தனவா? கொஞ்சம் டீசலில் இயக்கி, சூடு ஏறியதும் இலுப்பெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். மாப்பிள்ளை கணேசனும் அப்படித்தான் புறப்பட்டான். மாங்குளத்திலிருந்து புதுக்குடியிருப்புக்கு, உழவு இயந்திரப் பெட்டியில் பாய் விரித்து, சொந்தபந்தங்களோடு. நடுவில் அவனுடைய அம்மா. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காத மனுசி. நான் சைக்கிளில் பின்னால்.

தாலி கட்டுகிற கோயில் இன்னும் கொஞ்சத் தூரம். இயந்திரம் இரண்டு தரம் இருமியது. நின்றது. சுற்றுப்பாதையால் வந்ததில் எண்ணெய் முடிந்துவிட்டது!

"மாப்பிள்ளையைச் சைக்கிளிலை ஏத்துங்கோ, முகூர்த்தம் தப்பப் போகுது," என்று கத்தினார் அவனுடைய மாமா.

கணேசன் அசையவில்லை. "அம்மா இல்லாமல் நான் தாலி கட்ட மாட்டன்."

"நீ போ ராசா… நான் இதிலை இருக்கிறன்," என்று அம்மா அழுதார். அவன் அவருக்கு வெயில் படாமல் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான்.

பெண் வீட்டுக்கு நான் மிதித்த மிதியில் சைக்கிள் சங்கிலி அறாதது அதிசயம். அங்கே வடைக்கு உழுந்து அரைத்து வைத்திருந்தார்கள். ஒரு தகரம் நிறையத் தேங்காயெண்ணெய். அயலெல்லாம் கொப்பரா சேர்த்து ஆட்டிக் கொடுத்தது. அந்த எண்ணெயைத் தாருங்கள் என்று நான் கேட்டதும் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வடையும் பப்படமும் இல்லாத கலியாணச் சாப்பாடா?

பேச்சுச் சத்தம் கேட்டு மணப்பெண் வெளியே வந்தாள். தலையில் பாதிதான் பூ வைத்திருந்தது.

"மாமி வெயிலுக்கையோ இருக்கிறா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஓம் தங்கச்சி."

"அப்ப தகரத்தோடை குடுத்து விடுங்கோ."

எண்ணெயை ஊற்றி, குழாயில் புகுந்த காற்றை எடுத்து, எல்லோருமாகத் தள்ள, இயந்திரம் உயிர் பெற்றது. புகையில் வடை சுடுகிற வாசம்! அழுதுகொண்டிருந்த அம்மா அந்த மணத்துக்குச் சிரித்துவிட்டார். முகூர்த்தம் தப்பவில்லை. பருப்பும் பூசணிக்காய்க் கறியும் பாயசமுமாகச் சாப்பிட்டோம். வடை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நாட்களை நினைத்தால் பயம்தான் முதலில் வரவேண்டும். எனக்கேனோ அந்த வாசம்தான் வருகிறது…

கணேசனுக்கும் அதே நினைவுதான் போலிருக்கிறது. "அண்டைக்குக் கலியாண வீட்டு எண்ணெயையே மிசினுக்குக் குடுத்தனி. இண்டைக்கு ஆமணக்குப் போட விடமாட்டியோ?" என்றான்.

"நான் மிசினுக்கே குடுத்தனான்?" என்றாள் வசந்தா. "மாமிக்கெல்லோ குடுத்தனான்."

கணேசன் கோழியைத் துரத்தப் போகிறவன் போல முற்றத்தில் இறங்கினான். முற்றத்தில் கோழி ஏதும் இல்லை. கடைசிக்காலம் வரை அந்த அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியவள் வசந்தா. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் திரும்பி வந்தபோது வசந்தாவின் குரல் இறங்கியிருந்தது. "பன்றி இறங்கிற காட்டுப் பக்கத்திலை உங்கடை ஆமணக்கைப் போடுங்கோ. வீட்டுப் பக்கம் எனக்கு. கச்சான்தான்."

"அதையும் தாண்டிப் பன்றி வந்தால்?"

"உங்களை எழுப்பிவிடுறன்."

நிலம் வயிற்றுக்கா, வண்டிக்கா என்று உலகமெல்லாம் மாநாடு கூட்டிக் கேட்கிறார்கள். கேட்கட்டும். வண்டியில் யார் இருக்கிறார் என்றும் ஒருக்கா எட்டிப் பார்த்தால் நல்லது.

புறப்படும்போது வசந்தா வறுத்த கச்சான் ஒரு பை தந்தாள். வவுனியா வருவதற்குள் பை காலி.

பஸ் டீசலில் ஓடியது, நான் கச்சானில்!