தாலி பெருக்குதல்

என் அம்மா சண்முகவடிவு தாராவியில் ஒரு சட்டைப் பட்டறையில் பிசிறு நூல் வெட்டும் வேலை செய்தாள். நாள் முழுக்கக் கையில் கத்தரிக்கோல்தான். ஆனால் வீட்டில் வளையல் உடைந்தால் 'உடைஞ்சிட்டு' என்று சொல்ல மாட்டாள், 'பெருகிட்டு' என்பாள். தாலிக்கயிறு நைந்தாலும் அதே சொல்தான். புதுக்கயிற்றைக் கட்டிய பிறகே பழையதை எடுப்பாள். மகள் நான் லிஃப்ட் பொறியாளர். அறுந்ததை அறுந்தது என்றுதான் எழுதுவேன்.

போன மாதம் அம்மாவின் தலைக்குள் ரத்தம் கசிந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் தாலிக்கயிற்றைக் கழற்றச் சொன்னார். முடிச்சு இறுகிப்போயிருந்தது.

"அறுத்துரட்டுமாம்மா?" என்றேன்.

அம்மா இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பா வெளிய உக்காந்திருக்காவ. வாயில என்ன வார்த்த வருது பாரு."

"ஜல்தி கரோ," என்று அவசரப்படுத்தினார் நர்ஸ். தலைக்குள் கசிவு நிற்கவில்லை. அம்மா கையை எடுக்கவில்லை.

அப்பாவை உள்ளே கூட்டி வந்தேன். நர்ஸிடம் ஒரு முழம் பேண்டேஜ் துணி வாங்கி அவர் கையில் கொடுத்தேன். "அம்மா மணிக்கட்டுல கட்டுங்கப்பா. தாலி பெருக்கணும்."

அப்பா மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி முடித்தார்.

"இம்புட்டுப் படிச்சவளுக்கு இப்பதான் பேச வந்திருக்கு," என்று அம்மா கழுத்தைச் சாய்த்தாள். நான் கயிற்றை வெட்டினேன்.

ஆபரேஷன் நடந்தது. அம்மா கண் திறக்கவில்லை. அவள் உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் மணிக்கட்டுத் துணியை அவிழ்க்கப் போனபோது அப்பா தடுத்தார்.

"அது தாலி," என்றார்.