திருகாணி மேல் சிவப்புக் கோடு

புட்டியை இரண்டு முறை குலுக்குகிறார். மூடியோடு வரும் சின்னத் தூரிகையைப் புட்டியின் வாயில் ஒருமுறை வழித்துவிட்டு, சற்றுமுன் இறுக்கிய திருகாணியின் தலையில் தொடங்கிப் பக்கத்துத் தகட்டில் முடியும்படி ஓர் அரிசி நீளத்துக்குக் கோடு இழுக்கிறார். சிவப்பு நெயில் பாலிஷ். பிறகு வாயைக் குவித்து ஊதுகிறார். நரைத்த மீசை வைத்த ஐம்பத்தைந்து வயது ஆள், சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு, திருகாணிக்குப் பாலிஷ் போட்டு ஊதிக் காயவைப்பதை முதல்முறை பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அவர் சிரிப்பதில்லை.

"யாராவது இத ஒரு நூல் திருப்பினாக்கூடக் கோடு உடைஞ்சிரும். அப்புறம் நீங்களும் நானும் வாய்ச்சண்டை போட வேண்டாம் பாருங்க. கோடே சொல்லிரும்."

அலமாரி, திரைச்சீலைக் கம்பி, வெந்நீர் ஹீட்டர் என்று வீட்டுச் சுவர்களில் பொருள்களைப் பொருத்துவது அவர் தொழில். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அவரைக் கோடு என்றே சொல்கிறார்கள். "கோடு வந்தாச்சா?", "கோட்டக் கூப்பிட்டுக் காட்டு." அது அவர் காதிலும் விழும். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

வேலை தொடங்குமுன் சுவரைக் கைபேசியில் நான்கு படம் எடுப்பார். வீட்டுக்காரர் முகம் ஒன்றிலாவது விழும்படி பார்த்துக்கொள்வார். விரல் முட்டியால் சுவரைத் தட்டி, டாக்டர் முதுகைத் தட்டிக் கேட்பதுபோலக் காதைக் கொடுத்துக் கேட்பார். திருகாணிகளை உதட்டில் கடித்துக்கொண்டு பேசுவதால் பாதிப் பேச்சு கடைவாய் வழியாகத்தான் வரும். இரண்டு நிமிடம் வெளியே போவதானாலும் கருவிப்பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். வேலை முடியும்வரை யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. "குடிச்சிட்டா அப்புறம் குரல் எழும்பாது சார்" என்று காரணம் சொன்னார். சண்டை வருமென்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு வீட்டுக்குள் வருகிறவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்தச் சந்தேகம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. பல வருடம் முன்பு ஒரு வீட்டில் அவர் மாட்டிய புத்தக அலமாரி பெயர்ந்து விழுந்திருக்கிறது. பழி அவர்மேல் வந்தது. அந்தத் தெருவில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "பிறகு தெரிஞ்சுது, குழந்தைய அதுமேல உக்கார வெச்சுப் போட்டோ எடுத்திருக்காங்க! ஷெல்ஃபு சார் அது, சிம்மாசனமா?" அன்று மாலை மகளின் மேசையிலிருந்து சிவப்புப் புட்டியை எடுத்தவர்தான். மகளுக்குத் திருமணமாகிப் போய்விட்டது. புட்டி சட்டைப்பையிலேயே இருக்கிறது.

என் அக்கா வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போனவன் நான்.

அத்தான் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். தினமும் நடக்காவிட்டால் முழங்கால் மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். படுக்கையறை வாசலிலிருந்து குளியலறை வாசல்வரை நடைவழிச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி போடுவதென்று முடிவானது. கோடு வந்தார், படம் எடுத்தார், தட்டினார், நான்கு தாங்கிகள் வைத்துக் கம்பியைப் பொருத்தினார், தாங்கிக்கு மூன்று வீதம் பன்னிரண்டு திருகாணிகளுக்கும் கோடு போட்டார், ஊதினார், போனார்.

அத்தான் பன்னிரண்டு நாள் நடந்தார். பதின்மூன்றாம் நாள் காலை குளியலறை வாசலில் எடையைக் கம்பிமேல் சாய்த்தபோது நான்காவது தாங்கி விரலளவு வெளியே வந்தது. அவர் விழவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அன்றோடு கட்டிலைவிட்டு இறங்கவும் இல்லை.

"பிரேக்கு சரியில்லாத வண்டிய நான் எடுத்ததே கிடையாது. அந்தக் கம்பிய நம்பி எந்திரிக்க மாட்டேன்" என்றார். ஒன்பது நாள் அப்படியே போனது. முழங்கால் ஏற்கெனவே பாதிக்குமேல் மடங்க மறுத்தது.

அக்கா நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட்டாள். நான்காம் முறைதான் எடுத்தார். "நேர்ல பாக்காம எதையும் ஒத்துக்க மாட்டேன்மா. கோடு என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

"உங்க கோட்டத் தூக்கி உடைப்புல போடுங்க. வந்து சேருங்க முதல்ல."

வந்தார். வணக்கமும் இல்லை, அத்தானைப் பற்றி ஒரு விசாரிப்பும் இல்லை. சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு படுக்கையறை வாசலில் இருந்த முதல் தாங்கியின் முன் குனிந்தார். அக்கா டார்ச்சைப் பிடித்தாள். உதவிக்காக அல்ல, கண்காணிக்க. அவர் கை என்ன செய்கிறது என்று அவளும், அவள் முகம் என்ன சொல்கிறது என்று அவரும் பார்த்தபடி நின்றார்கள். கட்டிலிலிருந்து அத்தான் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடைஞ்சிருக்கு" என்றார் கோடு. குரலில் ஒரு சின்னக் குதூகலம். "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணும் உடைஞ்சிருக்கு. யாரோ கை வெச்சிருக்காங்க."

"யார் கை வெக்கப் போறாங்க? பேய் வந்து திருகிட்டுப் போச்சா?"

அவர் இரண்டாவது தாங்கிக்குப் போனார். அங்கேயும் கோடுகள் திரும்பியிருந்தன. கண்ணாடியை இன்னும் நெருக்கினார். "இது ஸ்க்ரூ டிரைவர் தடம் இல்ல. கத்தி."

அக்கா டார்ச்சை அணைத்தாள்.

அவள் சமையலறையில் முனை வளைந்த கத்தி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். எப்படி வளைந்தது என்று கேட்கத் தோன்றியதில்லை.

"ஆமா, நான்தான் திருகினேன்" என்றாள். "நீங்க போன மறுநாளே. ஆடுற மாதிரி தோணிச்சு. இறுக்கித்தானே விட்டேன், கழட்டியா விட்டேன்?"

"அளவுக்கு மேல இறுக்கினா சுவத்துக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் பிளக்கு சுத்திரும்மா! அப்புறம் ஸ்க்ரூ எதைப் பிடிச்சு நிக்கும்? இதைத்தான் சொல்றேன். நான் சொல்லல, கோடு சொல்லுது!" நிமிர்ந்து நின்றார். பல வருடக் கணக்கு ஒன்று அன்று நேரானதுபோல் இருந்தது முகம்.

"நீயா?" என்றார் அத்தான் கட்டிலிலிருந்து. அந்த ஒரு சொல்லோடு அக்கா உள்ளே போய்விட்டாள்.

நடைவழியில் அவரும் நானும் மட்டும். மூன்றாவது தாங்கி உறுதியாக இருந்தது, கோடுகளும் முழுசாக இருந்தன. நான்காவதன் முன் குனிந்தார். அத்தான் சாய்ந்தது அதன்மேல்தான். கண்ணாடியை வைத்தார், எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார். என் கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. தாங்கி சுவரைவிட்டு வெளியே தொங்கியது. மூன்று திருகாணிகளின் மேலும் சிவப்புக் கோடு முறியாமல், அன்று இழுத்தபடியே இருந்தது.

யாரும் திருப்பவில்லை. தானாகவே பெயர்ந்திருக்கிறது.

அவருடைய வலது கட்டைவிரல் முதல் திருகாணியின் அருகே நின்றது. வேலைக்காரரின் கெட்டியான நகம். ஒரு சுரண்டல் போதும். பன்னிரண்டில் ஒன்பது உடைந்ததாகிவிடும், பழி முழுவதும் கத்திக்குப் போய்விடும். மனிதன் சந்தேகத்துக்கு ஒரு கருவி செய்தால் அதைப் பிறர் பக்கம் திருப்பி வைத்துத்தான் செய்கிறான். அதன் மறுமுனை தன் பக்கமும் பார்க்கும் என்பது அவருக்கு அந்த நடைவழியில்தான் தெரிந்திருக்க வேண்டும். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைத் திருப்பி, நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"அம்மா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "டார்ச்ச எடுத்துட்டு வாங்க."

நான் அங்கே இல்லாவிட்டால் கூப்பிட்டிருப்பாரா? இதுவரை எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டாலும், வரும் பதிலை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்கா வந்து வெளிச்சம் அடித்தாள். "கோடு உடையல" என்றார் அவர். பிறகு பழக்கதோஷத்தில், "நான் சொல்லல..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"முழுசாச் சொல்லுங்க" என்றாள் அக்கா. "கோடு சொல்லுதா?"

அவர் திருகாணிகளைக் கழற்றினார். அன்று அவற்றை உதட்டில் கடிக்கவில்லை. திருகாணி பிடித்து நிற்பதற்காகச் சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்கும் அதோடு சேர்ந்தே வந்தது. முதல் தாங்கியின் பிளக்கையும் உருவிப் பக்கத்தில் வைத்தார். நான்காவதில் இருந்தது அதில் பாதிதான்.

"இந்தச் சுவரு உள்ள பொள்ளல். நீளமானதுதான் போடணும். அன்னிக்கு மூணு பிராக்கெட்டுக்குத்தான் இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "கடை ரெண்டு தெரு தள்ளி. போகல."

"போகலையா, சோம்பலா?"

"சோம்பல்தாம்மா."

அக்கா அதோடு விட்டுவிட்டாள். கத்தி இருவருக்கும் நினைவிருந்தது.

உடனே கடைக்குப் போனார். கருவிப்பெட்டியைப் பூட்ட மறந்தாரா, வேண்டுமென்றே பூட்டாமல் விட்டாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அரைமணியில் திரும்பிவந்து, முதல், இரண்டாவது, நான்காவது தாங்கிகளைத் துளை தள்ளிப் புதிதாக அடித்தார். மூன்றாவதையும் கழற்றி, பிளக்கை அக்காவிடம் காட்டிவிட்டுத் திரும்பப் பூட்டினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். அக்கா டார்ச்சை அணைக்கவே இல்லை. ஒவ்வொரு பிளக்கையும் வாங்கித் தன் விரலோடு வைத்து அளந்து பார்த்த பிறகே உள்ளே விட்டாள். அவரும் ஒவ்வொன்றையும் நீட்டிவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் கம்பியின் இரு முனைகளிலும் காலை மடக்கித் தொங்கிக் காட்டினார்.

"தொங்கட்டும், தொங்கட்டும்" என்றார் அத்தான். "அன்னிக்கும் இப்படித்தான் ஆட்டிப் பாத்துட்டுப் போனாரு."

கோடு கம்பியை விட்டு நிமிர்ந்தார். புட்டியைக் குலுக்கினார். முதல் தாங்கிக்கு, இரண்டாவதற்கு, மூன்றாவதற்குக் கோடு போட்டு ஊதினார். நான்காவதன் முன் தூரிகையை எடுத்தவர், போடவில்லை. குளியலறை வாசலில் நின்றபடியே கட்டிலைப் பார்த்து அதை நீட்டினார்.

"இத நீங்க போடுங்க சார்."

"எதுக்கு?"

"நான் போட்ட கோட்ட நானே பாத்து என்ன பிரயோஜனம். உங்க கோடா இருக்கட்டும். நாளைக்கு இது பெயர்ந்தா நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

"இங்க கொண்டாங்க" என்றார் அத்தான். "அந்தப் புட்டிய."

"ஸ்க்ரூ இங்கல்ல சார் இருக்கு."

இது நேர்மையா, சாமர்த்தியமா என்று அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. கோட்டைப் போட்டவன் கையிலும் பொறுப்பில் பாதி ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அத்தானும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். வெகுநேரம் கம்பியை முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டார். அக்கா பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று தள்ளினார். முதல் தாங்கியின் பக்கத்தில் கம்பியைப் பிடித்தார். உலுக்கிப் பார்த்தார். இன்னொரு முறை உலுக்கினார்.

நடைவழியின் மறுமுனையில் கோடு ஓர் அடிகூட முன்னால் வரவில்லை. கை நீண்டபடியே இருந்தது. தூரிகை காய்ந்துபோனது. அதைப் புட்டிக்குள் மறுபடி முக்கி, புட்டி வாயில் ஒருமுறை வழித்துவிட்டு, திரும்பவும் நீட்டினார்.