குளியலறைச் சுவரில் ஆணி

குரங்கணிக்கு மேலே இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டுக்கு ஜீப்பில் செங்கல் ஏற்றிக் கட்டுப்படியாகாது. அதனால் குளியலறையைச் சிமெண்ட் பலகையில் கட்டினோம். தண்ணீர் இறங்காமலிருக்க, பக்கத்திலேயே நின்று கொத்தனாரை நீர்காப்புப் பூச்சை இரண்டு தடவை அடிக்க வைத்தேன். மழைக்காலம் பாதி முடிவதற்குள் சுவரில் ஈரம் இறங்கி, படுக்கையறைப் பக்கம் பூசணம் பிடித்தது. கொத்தனாரைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். பிறகுதான் பார்த்தேன், ஷவர் இருக்கிற சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பூச்சு விரிசல் விட்டிருந்தது. ஆணி அடித்தவர் என் வீட்டுக்காரர்.

“எதுக்கு இந்த ஆணி?” என்று கத்தினேன்.

“நனஞ்ச மழைக்கோட்டை வேற எங்கன மாட்டுறது? வீடு ஈரமாயிரக் கூடாதுல்ல?” என்றார்.